பாய்ம இயக்கவியலில் முதல் பேப்பர்: மெஷ்ஷில் தொடங்கி புரூஃப் வரை

பாய்ம இயக்கவியலில் முதுகலை புராஜெக்டையோ முனைவர் பட்டத்தின் முதல் வேலையையோ முடித்தாயிற்று. "சரி, இதைப் பேப்பராக்கு" என்று கைடும் சொல்லிவிட்டார். அடுத்து என்ன என்று விழிப்பவர்களுக்கான குறிப்பு இது. பலரும் உடனே ஒரு கோப்பைத் திறந்து "முன்னுரை" என்று தலைப்புப் போட்டுத் தட்ட ஆரம்பிப்பார்கள். வேலை இரட்டிப்பாவது அங்கேதான். இந்தத் துறையில் ஒரு பேப்பர் நிற்பதும் விழுவதும் இரண்டே கேள்விகளில். புதிதாக என்ன சொல்கிறீர்கள்? உங்கள் எண்களை, உங்களை முன்பின் தெரியாத ஒருவர் எதற்காக நம்ப வேண்டும்? மொழி, வடிவம், இதழ் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரு கற்பனை மாணவியைக் கூடவே வைத்துக்கொள்வோம். தட்டையான சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் வட்ட உருளையைச் சுற்றி ஓடும் திரவத்தை அவர் கணினியில் சிமுலேட் செய்திருக்கிறார். கடல் தரையை ஒட்டிக் கிடக்கும் குழாய்களால் முக்கியத்துவம் பெற்ற பழைய கணக்கு இது. உருளைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி, விட்டத்தில் சுமார் 0.3 பங்குக்குக் கீழே போனால் உருளையின் பின்னால் மாறி மாறிச் சுழல்கள் கழல்வது அடங்கிவிடும் என்பதை பியர்மனும் ஸ்ட்ராவ்கோவிச்சும் 1978-இல் காற்றுச் சுரங்கத்தில் காட்டினார்கள். நம் மாணவி எடுத்துக்கொண்டது காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. கலக்கக் கலக்க இளகும் திரவம், பெயின்ட் மாதிரி. ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகம், திரவத்தின் பாகுத்தன்மை கொடுக்கும் தடையை எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்லும் எண்) 100.

முதலில் ஒரே ஒரு வாக்கியம்

எதையும் எழுதுவதற்கு முன்னால், பேப்பர் சொல்லும் சேதியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். மாணவி முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்: "சுவருக்கு அருகிலுள்ள உருளையைச் சுற்றி இளகும் திரவத்தின் ஓட்டம் ஆராயப்பட்டது." இதில் சேதி எதுவும் இல்லை; வேலை செய்தேன் என்ற வாக்குமூலம்தான் இருக்கிறது. இதற்குப் பதில் இப்படி: "திரவம் எவ்வளவு இளகுகிறதோ அவ்வளவுக்கு, சுழல் கழல்வது அடங்கும் இடைவெளியும் சிறிதாகிறது, இடுக்கில் பாகுத்தன்மை குறைந்து திரவம் எளிதாகப் புகுந்து ஓடுவதே காரணம்." முடிவு கற்பனைதான். வாக்கியத்தின் வடிவத்தைப் பாருங்கள்: என்ன நடக்கிறது, எந்தத் திசையில், எதனால். இதை யாராவது "தப்பு" என்று மறுக்க முடியும். மறுக்க முடிகிற வாக்கியம் கையில் இருந்தால்தான் பேப்பர் இருக்கிறது.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளில் இழுபடும் தகட்டின் மேல் ஓடும் எல்லைப் படலத்தை (பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய அடுக்கை) பற்றிய பேப்பர்கள் மழையாகப் பொழிகின்றன. 1970-இல் கிரேன் கொடுத்த அழகான தீர்வில் தொடங்கிய வகை அது. அதன் மேல் ஒருவர் காந்தப்புலம் சேர்ப்பார், அடுத்தவர் நானோ துகள் சேர்ப்பார், மூன்றாமவர் வெப்பக் கதிர்வீச்சையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாகத் தீர்ப்பார். ஒவ்வொன்றிலும் வளைகோடுகள் கொஞ்சம் மேலே போகும், கொஞ்சம் கீழே வரும். "இதை இதுவரை யாரும் செய்யவில்லை" என்பது மட்டும் புதுமை ஆகாது. யாரும் செய்யாததற்கு, செய்யத் தேவையில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு விளைவைச் சேர்த்ததால் ஓட்டத்தின் குணமே எங்கே மாறுகிறது என்று காட்ட முடிந்தால் சேருங்கள்.

அந்த ஒரு வாக்கியம் வரவில்லை என்றால் இன்னும் நான்கு சிமுலேஷன் ஓட்ட வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்களை நம்ப வைப்பது

ஒரு ரிவியூவர் (இதழுக்காகப் பேப்பரை மதிப்பிடுபவர்) பாய்ம இயக்கவியல் பேப்பரைக் கையில் எடுத்ததும் படங்களைப் புரட்டுவார், அப்புறம் நேரே சரிபார்ப்புப் பகுதிக்குப் போவார். அங்கே ஓட்டை இருந்தால் மீதியைப் பாதி மனசோடுதான் படிப்பார். அதனால் இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள்.

முதல் படி, எல்லோருக்கும் விடை தெரிந்த ஒரு கணக்கை உங்கள் கணினி நிரலில் ஓட்டிக் காட்டுவது. சுவர் இல்லாத, திறந்த வெளியில் இருக்கும் உருளையை ரெனால்ட்ஸ் எண் 100-இல் சாதாரணத் திரவத்துக்கு ஓட்டினால் ஸ்ட்ரூஹால் எண் (சுழல் கழலும் அதிர்வெண்ணின் பரிமாணமற்ற அளவு) 0.165-ஐ ஒட்டியும், சராசரி இழுவைக் கெழு (ஓட்டம் உருளையை இழுக்கும் விசையின் பரிமாணமற்ற அளவு) 1.33-லிருந்து 1.35-க்குள்ளும் வர வேண்டும். சுழல் கழலத் தொடங்குவதே ரெனால்ட்ஸ் எண் 47 வாக்கில்தான். உங்கள் நிரலில் 40-லேயே கழன்றால் எங்கேயோ கோளாறு. மூடிய பெட்டிக்குள் சுழலும் ஓட்டம் என்றால் கியா, கியா, ஷின் மூவரும் 1982-இல் கொடுத்த அட்டவணை இருக்கிறது. கீழே சூடாக்கி மேலே குளிரவைக்கும் படலம் என்றால், இரு பக்கமும் திடச்சுவராக இருக்கும்போது ராலே எண் (சூட்டால் எழும் மிதப்பின் பரிமாணமற்ற அளவு) 1708-இல் வெப்பச்சலனம் தொடங்க வேண்டும். கொந்தளிப்புக் கால்வாய் ஓட்டம் என்றால் கிம், மொயின், மோசர் 1987-இல் வெளியிட்ட நேரடி எண்வழிச் சிமுலேஷன் தரவு. ஒவ்வொரு கிளைத் துறைக்கும் இப்படி ஒரு உரைகல் உண்டு. உங்கள் துறையில் எது என்று தெரியாவிட்டால், அண்மையில் வந்த ஐந்து நல்ல பேப்பர்களில் எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று பாருங்கள்.

ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. நம் மாணவி 0.3 என்ற அந்தப் பழைய வரம்போடு தன் முடிவை நேரடியாக ஒப்பிட முடியாது. காற்றுச் சுரங்கச் சோதனை நடந்தது பல்லாயிரம் ரெனால்ட்ஸ் எண்ணில், கொந்தளிக்கும் எல்லைப் படலத்துக்குள். இவருடையது 100. எண் ஒத்துப்போனால்கூட அது தற்செயல்தான். தன்னுடைய ரெனால்ட்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் கணினி ஆய்வைத் தேடி ஒப்பிட வேண்டும். பழைய சோதனையை முன்னுரையில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மெஷ், அதாவது கணக்கிடுவதற்காக ஓட்டத்தைக் குட்டிக் குட்டிச் செல்களாக வெட்டும் வலை. "மெஷ் சார்பின்மை சோதிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு ஓடுகிறவர்கள் அதிகம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பாய்மப் பொறியியல் இதழ் 1986-லேயே, எண்வழிப் பிழையை மதிப்பிடாத பேப்பர்களை ஏற்பதில்லை என்று கொள்கை அறிவித்துவிட்டது. 2008-இல் அதே இதழில் செலிக்கும் உடன் ஆசிரியர்களும் அதற்கான படிமுறையையே வெளியிட்டார்கள். சாரம் எளிது. மூன்று மெஷ் எடுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நுணுக்க விகிதம் 1.3-க்கு மேல் இருக்கட்டும். முப்பரிமாணம் என்றால் செல்களின் எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்குக்கு மேலே போகும். 2 லட்சம் செல்லை 2.2 லட்சம் ஆக்கிவிட்டு "முடிவு மாறவில்லை" என்பது சோதனையே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு திசையிலும் செல் அளவைப் பாதியாக்கிக்கொண்டே போகிறீர்கள். இழுவைக் கெழு பெரிய செல்லில் 1.390, நடுவில் 1.350, பொடி மெஷ்ஷில் 1.340 என்று வருகிறது. முதல் வித்தியாசம் 0.040, அடுத்தது 0.010. நாலில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பாதியாக்கினால் நாலில் ஒன்று என்றால் உங்கள் முறை இரண்டாம் வரிசைத் துல்லியத்தோடு நடந்துகொள்கிறது. செல் அளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் கிடைக்கக்கூடிய மதிப்பு 1.340-லிருந்து 0.010-இன் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தது, அதாவது 1.337. கழித்த அந்தப் பங்கை வழக்கமான 1.25 பாதுகாப்புக் காரணியால் பெருக்கினால் பொடி மெஷ்ஷின் நிச்சயமின்மை சுமார் 0.3 சதவீதம். நாலு வரிக் கணக்கு. இதை ஒரு அட்டவணையாகப் போட்டால் ரிவியூவரின் பாதிக் கேள்விகள் எழும் முன்பே அடங்கிவிடும். இழுவைக் கெழுவை மட்டும் பார்க்காமல் உங்கள் சேதி எந்த அளவை நம்பியிருக்கிறதோ அதையும் சோதியுங்கள். நம் மாணவிக்கு அது இடுக்கில் உள்ள திசைவேகம். உருளையின் இழுவை துல்லியமாக வந்தும், நாலே செல் இருக்கும் இடுக்கில் எல்லாம் தப்பாக இருக்கலாம்.

களத்தின் (சிமுலேஷன் நடக்கும் மொத்தப் பரப்பின்) அளவையும் மறக்காதீர்கள். பக்கச் சுவர்கள் கிட்டத்தில் இருந்தால் ஓட்டம் நெருக்குண்டு இழுவையும் அதிர்வெண்ணும் கூடித் தெரியும். கால இடைவெளி, சராசரி எடுத்த காலம், தொடக்கக் கலக்கம் அடங்கும் வரை எவ்வளவு விட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அப்புறம், இரு பரிமாணம். உருளைக்குப் பின்னால் உள்ள ஓட்டம் ரெனால்ட்ஸ் எண் 190 வாக்கிலேயே முப்பரிமாணமாக உடைந்துவிடும். 1000-இல் இரு பரிமாணச் சிமுலேஷன் செய்து "இயற்பியல்" பேசினால், இந்த ஒரு காரணத்துக்காகவே திருப்பி அனுப்புவார்கள். அதை மெருகேற்றி எழுதியும் பயனில்லை.

இளகும் திரவம் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று: ரெனால்ட்ஸ் எண்ணில் எந்தப் பாகுத்தன்மையைப் போட்டீர்கள்? ஓய்வு நிலையில் உள்ளதா, மிக வேகமாகக் கலக்கும்போது எட்டுவதா, வேகத்தையும் விட்டத்தையும் வைத்துக் கணக்கிட்டதா? இது மாறினால் உங்கள் வளைகோடுகள் மொத்தமும் இடம் மாறும். வரையறையை முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுங்கள்.

சோதனைச்சாலை வேலை செய்தவர்களுக்கு இதே கதை வேறு உருவில். துகள் படமுறையில் (ஓட்டத்தில் தூவிய துகள்களைப் படமெடுத்து வேகத்தை அளக்கும் முறையில்) இடப்பெயர்ச்சியை 0.1 பிக்சல் அளவுக்குக் கணிக்கலாம் என்பது நடைமுறை விதி. ஓட்டத்தின் நடுவில் துகள் 8 பிக்சல் நகர்கிறது என்றால் பிழை ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே. சுவருக்கு அருகில் ஒரே ஒரு பிக்சல் நகர்ந்தால் அதே 0.1, பத்து சதவீதம் ஆகிவிடும். படம் முழுவதற்கும் ஒரே பிழை எண்ணைக் கொடுப்பவர்கள், அதிலும் சுவர் உராய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள், இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்கே அனுப்புவது

இதழைப் பேப்பர் எழுதி முடித்தபின் தேடாதீர்கள். நீளம், தொனி, எவ்வளவு பின்னணி சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இதழைப் பொறுத்தது.

ஜார்ஜ் பாட்ச்சலர் 1956-இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இந்தத் துறையின் பழம்பெரும் மேடை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து சதீஷ் தவானும் ரோத்தம் நரசிம்ஹாவும் எல்லைப் படலம் கொந்தளிப்பாக மாறும் கட்டத்தைப் பற்றி எழுதியது 1958-இல் அதில்தான் வந்தது. அங்கே கேட்பது பொறிமுறை: ஏன் நடக்கிறது. இழுவை இத்தனை சதவீதம் குறைந்தது என்பது அங்கே போதாது. பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ் 1958-லிருந்து வருகிறது. அதன் வாசல் இன்னும் அகலமானது. பிசிகல் ரிவியூ ஃப்ளூயிட்ஸ் 2016-இல் வந்த இளைய இதழ். சோதனை உத்தி புதிதென்றால் எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஃப்ளூயிட்ஸ், நிரல் புதிதென்றால் கம்ப்யூட்டர்ஸ் அண்ட் ஃப்ளூயிட்ஸ், குமிழி, துளி, துகள் என்றால் இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் மல்டிஃபேஸ் ஃப்ளோ. இந்தியாவிலிருந்தே வெளிவருவதில் இந்திய அறிவியல் அகாடமியின் சாதனா பொறியியல் வேலைக்கு நல்ல இடம்.

எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்கு வழி: உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து, எந்த இதழின் பெயர் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். அநேகமாக உங்கள் வாசகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

"ஒரு வாரத்தில் பிரசுரம்" என்று மின்னஞ்சலில் வரும் அழைப்புகளை அழித்துவிடுங்கள். யுஜிசி-கேர் பட்டியலை (பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலை) பார்த்துத் தப்பிக்கலாம் என்ற வசதியும் 2025-இல் போய்விட்டது. பட்டியலை யுஜிசியே கைவிட்டது. ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பேப்பர்களை நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒருவரைக்கூடத் தெரியாத இதழ் உங்களுக்கு வேண்டாம். பணம் பற்றி ஒரு வார்த்தை: சந்தா முறையில் ஓடும் பல நல்ல இதழ்கள் பேப்பர் எழுதியவரிடம் காசு கேட்பதில்லை. திறந்த அணுக்கம் (யாரும் இலவசமாகப் படிக்கலாம்) என்ற பெட்டியில் டிக் போட்டால்தான் பில் வரும். சமர்ப்பிக்கும் பக்கத்தில் அந்தப் பெட்டியை நிதானமாகப் படியுங்கள்.

படங்களைச் சுவரில் ஒட்டுங்கள்

எழுதத் தொடங்கும் முன் எட்டுப் பத்துப் படங்களை அச்செடுத்து வரிசையாக வையுங்கள். அவற்றை மட்டும் பார்த்து ஒருவர் கதையைப் புரிந்துகொள்ள வேண்டும். கதைக்கு உதவாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வண்ண வண்ணச் சுழல் படங்கள் மேல் எல்லோருக்கும் பாசம். ஆனால் சேதியைத் தாங்குவது பெரும்பாலும் ஒரு சாதாரண வளைகோடுதான்.

அச்சுகளில் பரிமாணமற்ற எண்கள் வரட்டும். "நுழைவு வேகம் வினாடிக்கு 2 மீட்டர்" என்று எழுதினால் அது உங்கள் குழாய்க்கு மட்டும்தான். ரெனால்ட்ஸ் எண்ணாக எழுதினால் எல்லோருக்கும். வானவில் நிறப்பட்டியலை விடுங்கள்: அதன் மஞ்சள் பட்டை, தரவில் இல்லாத விளிம்பை இருப்பதுபோல் காட்டும்; சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் உதவாது. விரிடிஸ் போல வெளிச்சம் சீராக ஏறும் பட்டியல் நல்லது. சுழற்சிக்கு, பூச்சியம் வெள்ளையாக இருக்கும் நீலம்-சிவப்பு. எழுத்தின் அளவைத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், அச்சில் படம் வரும் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள்.

பிறரின் படத்தை அப்படியே போட்டால் பதிப்பாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் வளைகோட்டிலிருந்து புள்ளிகளை எடுத்து, உங்கள் படத்தில் உங்கள் கோட்டோடு சேர்த்து வரைந்து மேற்கோள் காட்டுவது வழக்கத்தில் உள்ளது. ஒப்பிடவும் அதுதான் வசதி.

எழுதும் வரிசை

வழிமுறைகளை முதலில் எழுதுங்கள். யோசிக்க எதுவும் இல்லை, செய்ததைச் சொன்னால் போதும். இன்னொரு ஊரில் உள்ள மாணவர் இதை மட்டும் படித்து உங்கள் சிமுலேஷனைத் திரும்ப ஓட்ட முடியுமா என்பதுதான் அளவுகோல். எல்லை நிபந்தனைகளை வார்த்தையில் மழுப்பாமல் சமன்பாடாக எழுதுங்கள். திறந்த மூல மென்பொருள் என்றால் பதிப்பு எண்ணும் வேண்டும். அப்புறம் முடிவுகள், படத்துக்குப் படம். அதற்கும் அப்புறம்தான் முன்னுரை.

முன்னுரையில் "இவர் இதைச் செய்தார், அவர் அதைச் செய்தார்" என்று இருபது பேரை வரிசையில் நிறுத்துவது பழைய பழக்கம். அதில் வாசகருக்கு எதுவும் கிடைப்பதில்லை. மூன்று பத்திகள் போதும்: என்ன தெரியும், எது தெரியாது, அந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறோம். மேற்கோள்கள் அந்த வாதத்துக்குள் வந்து உட்காரட்டும்.

லேடெக் (சமன்பாடுகளை அச்சுக் கோக்கும் மென்பொருள்) பழகிக்கொள்ளுங்கள், சமன்பாடு நிறைந்த துறையில் வேறு வழியில்லை. இதழ்கள் தங்கள் வார்ப்புருவை இலவசமாகத் தருகின்றன. குறியீடுகளை ஒரே இடத்தில் வரையறுத்து வையுங்கள். ஒரே எழுத்தை இடைவெளிக்கும் ஈர்ப்புக்கும் பயன்படுத்தும் பேப்பர்கள் எத்தனையோ.

அப்ஸ்ட்ராக்ட் கடைசியில். ஜர்னல் ஆஃப் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் 250 சொல்லுக்குள் அடங்க வேண்டும். மாணவியின் முதல் வரைவு இப்படித் தொடங்கலாம்: "உருளையைச் சுற்றிய ஓட்டம் பல பொறியியல் துறைகளில் முக்கியமானது. இந்த ஆய்வில் வெவ்வேறு இடைவெளிகளுக்கும் வெவ்வேறு திரவங்களுக்கும் சிமுலேஷன்கள் செய்யப்பட்டு முடிவுகள் விவாதிக்கப்படுகின்றன." இரண்டு வாக்கியம் போயிற்று, ஒரு எண்கூட இல்லை. திருத்தினால்: "சுவருக்கு அருகில் உள்ள உருளையில் சுழல் கழல்வது, இடைவெளி ஒரு வரம்புக்குக் கீழே போனால் அடங்கும். இளகும் திரவத்தில் இந்த வரம்பு எப்படி நகர்கிறது என்பதை ரெனால்ட்ஸ் எண் 100-இல் இரு பரிமாணச் சிமுலேஷன்களால் கண்டறிகிறோம்." அடுத்த வாக்கியம் வரம்பு எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு நகர்ந்தது என்ற எண்ணோடு வர வேண்டும். அதற்கு அடுத்தது, ஏன். கடைசியில், இந்த முடிவு எது வரை செல்லும். "விவாதிக்கப்படுகின்றன" என்ற சொல் அப்ஸ்ட்ராக்டில் வந்தால் அங்கே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து எழுதுங்கள்.

ஆங்கிலம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: குட்டி வாக்கியங்களாக எழுதுங்கள். மொழியைச் சீராக்க ஏஐ கருவியைப் பயன்படுத்தினால் இதழ் கேட்கும் இடத்தில் சொல்லிவிடுங்கள். அதை ஆசிரியர் பட்டியலில் சேர்க்க முடியாது. அது கொடுக்கும் மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

சமர்ப்பிக்கும் நாள்

ஆசிரியர் பெயர் வரிசை முன்கூட்டியே பேசி முடிந்திருக்க வேண்டும். வேலையில் பங்கெடுக்காத துறைத்தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. நன்றியுரை என்ற ஒன்று அதற்காகத்தான் இருக்கிறது. எல்லா ஆசிரியர்களும் கடைசி வரைவைப் படித்துச் சம்மதம் சொன்ன மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், 16 இலக்கம், இலவசம். நிதி, நலமுரண், தரவு கிடைக்குமிடம் ஆகிய மூன்று அறிவிப்புகளையும் முன்பே எழுதி வைத்துக்கொண்டால் இணையப் படிவத்தில் திணற வேண்டாம். "கேட்டால் தரவு தருவோம்" என்று எழுதுவதைவிட ஜெனோடோ போன்ற இணையத் தரவுக் களஞ்சியத்தில் போட்டு இணைப்பைக் கொடுப்பது கௌரவம்.

இதழாசிரியருக்கான கடிதம் அரைப் பக்கம் போதும்: சேதி என்ன, இந்த இதழின் வாசகருக்கு ஏன் வேண்டும், வேறெங்கும் பரிசீலனையில் இல்லை. ஒரே பேப்பரை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்புவது பெரிய குற்றம். ரிவியூவர்கள் ஒரே கூட்டம்தான், மாட்டிக்கொள்வீர்கள். ரிவியூவர் பெயர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால், நீங்கள் யாருடைய வேலையின் மேல் கட்டியிருக்கிறீர்களோ அவர்களில் உங்களோடு சேர்ந்து எழுதாதவர்களைச் சொல்லுங்கள்.

ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையக் களஞ்சியத்தில் முன்வரைவாகப் போடலாமா? இந்தத் துறையின் முக்கிய இதழ்கள் அனுமதிக்கின்றன. பாய்ம இயக்கவியலுக்கு அங்கே தனிப் பிரிவே உண்டு. முதல் தடவை போடுகிறவர்களுக்கு ஏற்கனவே அங்கே எழுதியிருக்கும் ஒருவரின் ஒப்புதல் தேவைப்படலாம், கைடிடம் கேளுங்கள். உரிமம் தேர்வு செய்யும் இடத்தில் அவசரப்படாமல் இதழின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்; பிறகு மாற்ற முடியாது.

பதில் வந்ததும்

ரிவியூவுக்கே போகாமல் இதழாசிரியர் மேசையிலிருந்து திரும்பி வந்தால், பொதுவாக வேலை தப்பு என்று அர்த்தமில்லை, இடம் பொருந்தவில்லை. அடுத்த இதழுக்கு அனுப்பும் முன் முன்னுரையை அந்த வாசகருக்கு ஏற்ப மாற்றுங்கள். ரிவியூவுக்குப் போனால் சில மாதங்கள் ஆகும்.

"பெரிய திருத்தம்" என்று வந்தால் நல்ல சேதி. கடுமையான வார்த்தைகளைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. சராசரியும் ஏற்ற இறக்கமும் என்று திசைவேகத்தைப் பிரித்து, கொந்தளிப்புக் கோட்பாட்டுக்கே அடிக்கல் போட்ட ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸின் பேப்பர் 1895-இல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அதைப் பரிசீலித்தவர்கள் ஸ்டோக்ஸும் லாம்பும். இரண்டு பேருமே அது தெளிவாக இல்லை, புரிந்துகொள்ளக் கஷ்டமாக இருக்கிறது என்றுதான் எழுதினார்கள். ஸ்டோக்ஸுக்கே புரியவில்லை என்றால் தவறு ரிவியூவர் பக்கம் என்று வாதாடலாம். ரெனால்ட்ஸுக்கும் திருத்தி விளக்க வேண்டித்தான் வந்தது.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்துப் போட்டு, கீழே பதில், அதற்குக் கீழே பேப்பரில் மாறிய வரிகள், பக்க எண்ணோடு. ஒரு உதாரணம் பாருங்கள். ரிவியூவர் கேட்கிறார்: "களம் சிறியதாகத் தெரிகிறது. மேல் எல்லை முடிவைப் பாதித்திருக்குமோ?"

பலரும் எழுதும் பதில்: "மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. நாங்கள் எடுத்த களம் போதுமானது என்று நம்புகிறோம். முந்தைய பல ஆய்வுகளும் இதே அளவைப் பயன்படுத்தியுள்ளன."

வேலைக்கு ஆகும் பதில்: "களத்தின் உயரத்தை 20 விட்டத்திலிருந்து 40 விட்டமாக்கி, வரம்புக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு இடைவெளிகளுக்கு மறுபடி ஓட்டினோம். இழுவைக் கெழு 2 சதவீதம் குறைந்தது. சுழல் கழல்வது அடங்கும் வரம்பு மாறவில்லை. புதிய மதிப்புகளை அட்டவணை 2-இல் சேர்த்து, இந்தச் சார்பைப் பகுதி 2.3-இல் குறிப்பிட்டிருக்கிறோம்."

முதல் பதிலில் நம்பிக்கை இருக்கிறது, இரண்டாவதில் எண் இருக்கிறது. ரிவியூவர் சொன்னது தவறு என்று உறுதியாகத் தெரிந்தாலும் இதே முறைதான்: கணக்கைக் காட்டுங்கள், அவர் அப்படி நினைக்க இடம் கொடுத்த வாக்கியத்தையும் பேப்பரில் திருத்துங்கள். அவர் தவறாகப் படித்திருந்தால் இன்னும் பலர் அப்படியே படிப்பார்கள். இரண்டு ரிவியூவர்கள் எதிரெதிராகக் கேட்டால், ஒன்றைத் தேர்ந்து காரணத்தை இதழாசிரியருக்கு எழுதுங்கள். இருவரையும் திருப்திப்படுத்தப் போனால் பேப்பர் கந்தலாகிவிடும். புதிய சிமுலேஷனுக்கு நேரம் போதாவிட்டால் அவகாசம் கேட்கலாம், பெரும்பாலும் தருவார்கள். சம்பந்தமே இல்லாத ஐந்து பேப்பர்களை மேற்கோள் காட்டச் சொன்னால், பொருந்துவதை மட்டும் சேர்த்துவிட்டு மற்றதைப் பணிவாக மறுக்கலாம்.

ஏற்றுக்கொண்டபின் புரூஃப் (சரிபார்ப்பதற்காக அச்சுக் கோத்த பக்கங்கள்) வரும், இரண்டு மூன்று நாள்தான் கொடுப்பார்கள். அசதியில் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். அச்சுக் கோக்கும்போது இயக்கப் பாகுத்தன்மைக்கான நியூ என்ற கிரேக்க எழுத்தும் திசைவேகத்துக்கான வி என்ற ஆங்கில எழுத்தும் இடம் மாறுவது சகஜம். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. திசையன்களின் தடித்த எழுத்து போயிருக்கும், ஒரு கழித்தல் குறி வரி முறியும் இடத்தில் காணாமல் போயிருக்கும். மூலக் கோப்பைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் சமன்பாட்டைச் சத்தமாக வாசிக்க இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.